ஆகஸ்டில சிறுவர் முகாம் நடத்த வாறம், என்ன கொண்டுவரவேணும்?

கேள்வி | மார்ச் 2

ரொறொன்ரோவில இருந்து எழுதுறன். எங்கட பல்கலைக்கழகக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில இருந்து 14 பேர் ஆகஸ்டில யாழ்ப்பாணம் வாறம். ஒரு சபை வளவுக்குள்ள 6 வயசில இருந்து 13 வயசு வரைக்கும் உள்ள பிள்ளையளுக்குப் பத்து நாள் முகாம். பாட்டு, நாடகம், கைவேலை, விளையாட்டு எல்லாம் ஆயத்தம். நாலு பேருக்குத் தமிழ் விளங்கும். வாசிக்கவும் எழுதவும் தெரிஞ்சது நான் மட்டும்தான். பிள்ளையளுக்கு என்ன கொண்டுவந்தால் பிரயோசனம்? ஆளுக்கு ரண்டு பெட்டி கொண்டுவரலாம்.

பதில் | மார்ச் 2, இரவு

பெட்டியைப் பிறகு பாப்பம். அந்தச் சபையில ஓய்வுநாட் பாடசாலை எடுக்கிற ரீச்சர்மாரோட ஆராவது கதைச்சனீங்களோ? போதகரோட கதைச்சது மட்டும் காணாது. பத்து நாளும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறது ரீச்சர்மார். நீங்கள் பிளேன் ஏறினாப்பிறகு வாற ஞாயிறு அதே பிள்ளையளுக்கு முன்னால நிக்கிறதும் அவைதான்.

நான் 2003இல இருந்து ஓய்வுநாட் பாடசாலை எடுக்கிறன். வெளிநாட்டு மாணவர் வந்து நடத்தின ஐந்து முகாமுக்கு மொழிபெயர்ப்புக்கு நிண்டிருக்கிறன். பார்த்த அளவில ஆருக்கும் நன்மை இல்லை.

மார்ச் 3

நேற்று எழுதினதை இண்டைக்கு வாசிக்க மனசு கேக்கேல்ல. "ஆருக்கும் நன்மை இல்லை" எண்டது பிழை. கோவம் வந்த காரணத்தைச் சொல்லுறன், பிறகு நீங்களே யோசியுங்கோ.

2017 முகாமில ரண்டாம் நாள் பாடம், கடவுள் எங்கட தகப்பன் எண்டது. வெளிநாட்டில இருந்து வந்த பிள்ளையள் நல்ல பிள்ளையள், வடிவா ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் வந்தவை. பாடம் முடிய எல்லாருக்கும் ஒரு தாள் குடுத்து, உங்கட அப்பாவைக் கீறுங்கோ, வீட்டை கொண்டுபோய் அவரிட்டக் குடுங்கோ எண்டினம். அதைத் தமிழில சொன்னது என்ர வாய். சொல்லி முடிஞ்ச பிறகுதான் எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. 46 பிள்ளையள் இருந்தவை. தகப்பன் இல்லாத பிள்ளையள் எத்தினை பேர் எண்டு எனக்குத் தெரியும், அவைக்குத் தெரியாது. ஒரு பெடியன், பத்து வயசு, குடும்பம் வன்னியில இருந்து வந்தது. தாளைப் பிடிச்சுக்கொண்டு எனக்குக் கிட்ட வந்து மெதுவாக் கேட்டான்: "ரீச்சர், படத்தில இருக்கிற அப்பாவைக் கீறட்டோ?"

2009இல காணாமல் போன தகப்பன். இவனுக்கு அப்ப ரண்டு வயசு. சுவரில மாட்டியிருக்கிற படத்தைத் தவிர வேறை முகம் அவனுக்குத் தெரியாது.

ஓம் ராசா, கீறு எண்டன். வடிவாக் கீறினான். வந்த பிள்ளையளில ஒருத்தி அதைப் பார்த்து, உங்கட அப்பா என்ன வேலை செய்யிறார் எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டாள். நான் அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கேல்ல. படம் நல்லா இருக்கெண்டு அக்கா சொல்லுறா எண்டு மாத்திச் சொன்னன்.

ஆரிலயும் குற்றம் இல்லை. ஆனா அந்தப் பாடத்தை முதல் நாள் பின்னேரம் எங்களிட்டக் காட்டியிருந்தால், அஞ்சு நிமிசத்தில மாத்தியிருப்பம்.

மார்ச் 4

வெளிநாட்டுக்காரர் எண்டா உங்களுக்கு ஆகாதோ எண்டு கீழை ஒருத்தர் கேட்டிருக்கிறார். ஐயா, நான் உடுவில் பக்கத்தில பிறந்து வளர்ந்தனான். என்ர அம்மம்மா படிச்சது 1824இல அமெரிக்க மிஷன் தொடக்கின பெண்கள் பாடசாலையில. வெளிநாட்டுக்காரர் வராட்டி அம்மம்மாவுக்கு எழுத்து இல்லை.

ஆனா வந்தவை எப்பிடி வந்தவை எண்டதையும் பாக்கவேணும். தங்கச்சி, உங்கட குழுவுக்கு இது பிடிக்கும். 1806இல அமெரிக்காவில, மசாசூசெற்சில வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர், இடி மழைக்கு ஒரு வைக்கோற்போரடியில ஒதுங்கி நிண்டு ஜெபம் பண்ணினவை. அமெரிக்காவில இருந்து வெளிநாட்டுக்கு மிஷனரிமார் போகத் தொடங்கின கதையை அங்க இருந்துதான் சொல்லுவினம். நாலு வருசத்தில, 1810இல, அமெரிக்கன் போர்ட் எண்ட மிஷன் சங்கம் உருவாச்சு. அந்த ஐந்து பேரில ஒருத்தர் ஜேம்ஸ் றிச்சார்ட்ஸ். அவர் எங்க வந்தவர் தெரியுமோ? இங்கதான். 1816இல யாழ்ப்பாணம் வந்த முதற் கூட்டத்தில அவரும் ஒருத்தர். 1822இல தெல்லிப்பழையில செத்துப்போனார்.

உங்களை மாதிரி ஒரு மாணவர்தான் அவரும். வந்து இருந்தவர். தமிழ் படிச்சவர். அவரோட வந்த டானியல் பூவர் 1855இல மானிப்பாயில கொலராவில செத்தவர். மானிப்பாயில ஆஸ்பத்திரி நடத்தின டொக்ரர் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்சவர். இவையளைப் போல இங்கயே சாகச் சொல்லி உங்களிட்ட ஆரும் கேக்கேல்ல. பத்து நாளுக்கு வாறவை பத்து நாளுக்கு உரிய வேலையைச் செய்யவேணும், இருபது வருசம் இருக்கிறவையின்ர வேலையைச் செய்ய வெளிக்கிடக்கூடாது. இதைத்தான் இரவு சொல்ல வந்தனான், கோவத்தில வேறை மாதிரி வந்திட்டுது.

மார்ச் 9

ஒரு திருத்தம். கிறீன் தொடக்கத்தில இருந்தே தமிழில படிப்பிக்கேல்ல. 1847இல வந்தவர், முதல்ல இங்கிலிஷிலதான் வகுப்பு எடுத்தவர். ஊருக்குத் திரும்பிப் போய் 1862இல ரண்டாந்தரம் வந்தாப்பிறகுதான் தமிழுக்கு மாறினவர். வைத்திய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவரும் அவரின்ர மாணவரும் சேர்ந்து. தான் செய்ததைத் திரும்பிப் பார்த்து முறையையே மாத்தின மனுசன் எண்டதால எனக்கு அவரில இன்னும் கூட மரியாதை.

மார்ச் 15

நீங்கள் வாறது எங்கட சபைக்குத்தான் எண்டு இப்பதான் தெரிஞ்சுது. முகத்தில வர்ணம் கீறுற பகுதி வைச்சிருக்கிறம் எண்டு எழுதியிருந்தீங்கள். 2018இல நடந்ததைச் சொல்லவேணும்.

எங்கட முகாமுக்கு வாறதில பாதிப் பேர் சைவப் பிள்ளையள். பக்கத்து வீட்டுப் பிள்ளையள், பள்ளிக்கூடச் சிநேகிதர். காலமை குளிச்சுத் திருநீறு பூசிக்கொண்டு வருவினம். வந்த குழுவில ஒரு பிள்ளை, அன்பான பிள்ளை, வண்ணத்துப்பூச்சி கீறுறதுக்கு எண்டு ஒரு சின்னப் பெட்டையின்ர நெத்தியை ஈரக் கடதாசியால துடைச்சுப்போட்டாள். அவளுக்கு அது மாவோ பவுடரோ எண்டுதான் தெரியும். நான் பார்த்த நேரம் வண்ணத்துப்பூச்சியின்ர ஒரு செட்டை கீறியாச்சு.

அடுத்தநாள் காலமை அந்தப் பெட்டையின்ர அம்மம்மா ஒழுங்கையால வந்து கேற்றடியில நிண்டா. சத்தம் போடேல்ல. "உங்களை நம்பித்தானே ரீச்சர் விட்டனாங்கள்" எண்டு மட்டும் சொன்னா. அந்தச் சொல்லுக்கு எனக்கு மறுமொழி இல்லை.

அண்டு பின்னேரம் அந்தக் கனடாப் பிள்ளை தானாவே, நான் போய் மன்னிப்புக் கேக்கவேணும் எண்டாள். ரண்டு பேரும் சைக்கிளில போனம். அவள் படியிலயே செருப்பைக் கழட்டி வைச்சிட்டு, பாடமாக்கிக்கொண்டு வந்த ஒரு வசனத்தைத் தமிழில சொன்னாள். உச்சரிப்புச் சரியில்லை, எண்டாலும் அம்மம்மாவுக்கு விளங்கிச்சு. தேத்தண்ணியும் பனங்காய்ப் பணியாரமும் தந்தா. பேத்தியை அடுத்தநாளும் அனுப்பினா, நெத்தி நிறையத் திருநீறோட.

முகாம் முழுவதிலயும் அந்த அரை மணித்தியாலம்தான் எனக்கு வேத பாடமா இருந்தது. முதல் நாள் இரவு "ஆருக்கும் நன்மை இல்லை" எண்டு எழுதேக்க இதை எப்பிடி மறந்தன் எண்டு தெரியேல்ல.

மார்ச் 16

"திருநீறு அழிஞ்சால் என்ன, அதுக்குத்தானே முகாம்" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். இல்லை. நான் விசுவாசி, என்ர விசுவாசத்தில எனக்கு வெக்கம் இல்லை. எட்டு வயசுப் பிள்ளையைத் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் இழுக்கிறதுக்கு அந்த விசுவாசத்தில இடம் இல்லை. பெற்றோருக்கு ஒரு கடிதம் போகவேணும், தமிழில. இது சபை நடத்துற முகாம், வேதக் கதை சொல்லுவம், ஜெபம் பண்ணுவம் எண்டு தெளிவா இருக்கவேணும். இங்கிலிஷ் வகுப்பு எண்டு சொல்லிக் கூப்பிட்டுப்போட்டு உள்ளுக்க வேறை நடத்தக்கூடாது. கையெழுத்து வைச்சவையின்ர பிள்ளையள் மட்டும் வரட்டும்.

அதோட விசா விசயம். சுற்றுலா விசாவில வந்து சமயக் கூட்டம் நடத்துறதுக்கு அனுமதி இல்லை. அழைக்கிற சபைக்கூடாக முறையாக் கேட்டு எடுங்கோ. பிழைச்சால் நீங்கள் ஊருக்குப் போயிடுவீங்கள், விசாரணைக்கு அலையிறது எங்கட போதகர்.

ஏப்ரல் 6

பெட்டிக் கேள்விக்கு இப்ப வாறன். ஆளுக்கு ஒரு பரிசுப் பை எண்டு உங்கட திட்டத்தில பார்த்தன். பள்ளிக்கூடப் பை, கொப்பி, சொக்லேற், ரீசேட்.

எங்கட ஊரில கிறிஸ்தவரை வேதக்காரர் எண்டு சொல்லுவினம். சோத்துக்கும் உத்தியோகத்துக்கும் வேதத்துக்கு மாறினவை எண்ட ஒரு கதையும் இருநூறு வருசமாக் கூடவே வருது. அதில உண்மை கொஞ்சம் இருக்கு, அநியாயமும் கொஞ்சம் இருக்கு. ஆறுமுக நாவலரை எடுங்கோ. பேர்சிவல் பாதிரியாரின்ர வேதாகம மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில இருந்து உழைச்சவர். அவர்தான் 1848இல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினவர். எங்கட பிள்ளையளுக்குப் படிப்பு வேணும், ஆனா படிப்புக்காகச் சமயத்தை விடவேண்டி வரக்கூடாது எண்டதுதான் அதின்ர காரணம். நான் வேதக்காரியா இருந்தும், அந்தப் பயத்தில நியாயம் இருந்தது எண்டுதான் சொல்லுவன்.

முகாமின்ர கடைசி நாள் ஒழுங்கையால நாப்பது பிள்ளையள் ஒரே நிறப் பையோட போகேக்க, வேலிக்கு அங்கால நிக்கிறவைக்கு அந்தப் பழைய கதைதான் ஞாபகம் வரும். பை கிடைக்காத பிள்ளை வீட்டை போய் அழும். அடுத்த ஞாயிறு எங்களிட்ட ஒரு பெடியன் கேப்பான், இண்டைக்கு என்ன தருவீங்கள் எண்டு. கேட்டிருக்கிறான்.

பரிசுப் பை வேண்டாம். காசு இருந்தால் சபைக்குக் குடுங்கோ, சாமானை யாழ்ப்பாணம் ரவுணில வாங்குவம். எங்கட கடைக்காரரும் பிழைக்கவேணும்.

ஏப்ரல் 21

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்து இண்டைக்கு ஆறு வருசம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில அண்டைக்குச் செத்தவையில கனபேர் சின்னப் பிள்ளையள். ஓய்வுநாட் பாடசாலை முடிச்சு வெளியில நிண்ட பிள்ளையள். நானும் அந்த நேரத்தில இங்க எங்கட பிள்ளையளுக்கு உயிர்த்தெழுந்த பாட்டுச் சொல்லிக் குடுத்துக்கொண்டு நிண்டனான். அண்டு தொடக்கம் எங்கட கேற்றில ஒரு கொப்பி இருக்கு. உள்ளுக்க வாற ஒவ்வொரு பிள்ளையின்ர பெயரும், கூட்டிக்கொண்டு போற ஆளின்ர பெயரும் எழுதித்தான் விடுறம். முகாமுக்கும் அது இருக்கும். தெரியாத ஆளிட்டப் பிள்ளையைக் குடுக்கமாட்டம். அது உங்கட குழுவுக்கும் சேர்த்துத்தான். ஒரு பிள்ளையோட தனிய ஒரு அறைக்குள்ள ஆரும் இருக்கக்கூடாது, நானும்தான். பிள்ளையளுக்கு 1929 எண்ட சிறுவர் உதவி இலக்கத்தையும் சொல்லிக் குடுக்கிறம்.

இன்னுமொண்டு. 2018 குழு போகேக்க, வாற வருசமும் வருவம் எண்டு பிள்ளையளைக் கட்டிப்பிடிச்சு அழுதழுது சொல்லிப்போட்டுப் போச்சினம். 2019 ஆகஸ்டில அவை வரேல்ல. வரேலாது, அவையில பிழை இல்லை. ஆனா ஒரு பெட்டை, ஒன்பது வயசு, ஒரு கிழமையாப் பின்னேரம் பின்னேரம் கேற்றடிக்கு வந்து பார்த்தாள். என்னிட்ட ஒண்டும் கேக்கேல்ல. அவளுக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்கும் தெரியேல்ல.

வருவம் எண்டு சொல்லாதேங்கோ. பெயரை ஞாபகம் வைச்சிருப்பம் எண்டு சொல்லுங்கோ. அதுவும் உண்மையா வைச்சிருந்தால் மட்டும்.

மே 11

வேலை கூடிப்போச்சு, எழுதேலாமல் போட்டுது. இடையில ஆரோ கேட்டிருந்தவை, வெளிநாட்டுக் குழு இல்லாமல் உங்களால நடத்த ஏலுமோ எண்டு. 2022இல நடத்தினம். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கடதாசி விலை கேக்கேலாது. ஆரும் வரேல்ல. மூண்டு நாள்தான் முகாம். விறகடுப்பில கஞ்சி. கைவேலைக்குப் பனையோலை. சாயம் போட்ட ஓலையில கிலுக்கும் குருவியும் செய்யக் காட்டித் தந்தது பக்கத்து வளவு ஆச்சி. பாட்டுக்கு ஒரு பழைய மிருதங்கம். மொழிபெயர்ப்பு இல்லாததால கதை நேராப் போச்சு. பிள்ளையள் நடுவில கேள்வி கேட்டினம். முன்னம் நடந்த முகாமில ஒரு பிள்ளையும் கேள்வி கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. ரண்டு மொழியில போற கதைக்கு நடுவில எந்தப் பிள்ளை கை உயர்த்தும்?

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்திட்டு வீட்டில இருந்த ரண்டு பிள்ளையள் அண்டுதான் முதன்முதலாப் படிப்பிச்சவை. இண்டைக்கு அவைதான் எங்கட ரீச்சர்மார். 2018இலயும் அதே ரண்டு பிள்ளையளும் வந்தவை. அப்ப அவையளுக்குக் கிடைச்ச வேலை கதிரை அடுக்கிறது.

2023இல ஒரு குழு திரும்பக் கேட்டு வந்தது. பாடம் எங்கட ரீச்சர்மார் எடுப்பினம், நீங்கள் உதவிக்கு நிக்கவேணும், சம்மதமோ எண்டு கேட்டம். சம்மதிச்சு வந்தினம். நான் நிண்ட ஐந்தில அதுதான் நல்லது.

மே 12

அந்த 2023 முகாமில நடந்த ஒரு விசயம் எழுத மறந்துபோனன். விளையாட்டு நேரம் அவை கொண்டுவந்த விளையாட்டு ஒருத்தருக்கும் பிடிபடேல்ல. விதி சொல்லி முடியிறதுக்குள்ள வெய்யில் ஏறியிட்டுது. ஒரு பெடியன் தடியால நிலத்தில கோடு கீறிக் கிளித்தட்டுத் தொடக்கினான். கிளியா நிண்டது எட்டு வயசுப் பெட்டை. ஆறடிப் பெடியன் ஒருத்தனை மூண்டாம் தட்டில வைச்சு அடிச்சுப்போட்டாள். அவன் விதி விளங்காமல் திரும்ப ஓட, பிள்ளையள் எல்லாரும் அவனைக் கையில பிடிச்சு, இப்பிடி நில்லு, அங்கால போகாத எண்டு படிப்பிச்சினம். தமிழில. அவன் இங்கிலிஷில மறுமொழி சொன்னான். ஒரு மணித்தியாலம் என்னை ஒருத்தரும் கூப்பிடேல்ல, நான் வேப்பமரத்துக்குக் கீழ இருந்து தேத்தண்ணி குடிச்சன்.

உங்கட நேர அட்டவணையில ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம், பிள்ளையள் உங்களுக்குப் படிப்பிக்கிற நேரமா வையுங்கோ. கிளித்தட்டு, கொக்கான், பட்டம் கட்டுறது, என்னவும்.

ஜூன் 8

உதிரியாச் சில விசயம்.

கோவிட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடத் தவணையள் முன்பின்னாப் போனது. திகதியைப் பார்த்திட்டு ரிக்கற் போடுங்கோ. அஞ்சாம் வகுப்புப் பிள்ளையள் புலமைப்பரிசில் படிப்பெண்டு வரமாட்டினம், வற்புறுத்தாதேங்கோ.

ஆகஸ்ட் எண்டா நல்லூர்த் திருவிழாக் காலம். இருபத்தைந்து நாள். கனக்கச் சைவ வீடுகளில மச்சம் இல்லை. முகாமில எல்லாருக்கும் சைவச் சாப்பாடுதான், புட்டும் சோறும் பருப்பும். கடைசி நாள் கோழி பொரிப்பம் எண்டு ஒரு குழு வெளிக்கிட்டது, சமையல்கார அக்கா ஏலாது எண்டிட்டா. தேரன்று பிள்ளையள் வரமாட்டினம். அண்டு முகாமை நிப்பாட்டிப்போட்டு நீங்களும் போய்ப் பாருங்கோ.

பலூன் உடைக்கிற விளையாட்டு வேண்டாம். பிள்ளையள் பயப்பிடமாட்டினம், அவை சண்டைக்குப் பிறகு பிறந்தவை. 2017இல ஒரே நேரத்தில இருபது பலூன் வெடிச்சுது. குசினிக்குள்ள நிண்ட அதே அக்கா அகப்பையைப் போட்டிட்டு நிலத்தில குந்தியிட்டா. முள்ளிவாய்க்காலால வந்தவ. கையைப் பிடிச்சு எழுப்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிள்ளையளின்ர முகம் தெரியிற படத்தைப் பேஸ்புக்கில போடவேண்டாம். அழுக்குச் சட்டை, வெறுங்கால் தெரியிற படம் ஒருநாளும் வேண்டாம். இந்தப் பிள்ளையளும் வளர்ந்து போன் வைச்சிருப்பினம், ஒருநாள் அதைப் பாப்பினம்.

கொண்டுவரவேண்டியது எண்டு கேட்டதுக்கு: உங்கட மருந்து, தொப்பி, நுளம்புக்குப் பூசுற மருந்து. பந்துக்குக் காத்தடிக்கிற பம் ஒண்டு, எங்கடது பழுதாப் போச்சு.

ஜூன் 9

தங்கச்சி, உம்மட தனிமடல் பார்த்தன். குழுவில சிலருக்கு மனவருத்தம், ஆறு மாசம் நாடகம் பழகினது வீணோ எண்டு கேக்கினம் எண்டு எழுதியிருக்கிறீர். வீணில்லை. நாடகம் போடுங்கோ. எங்கட ரீச்சர் கதை சொல்லட்டும், நீங்கள் பேச்சில்லாமல் நடியுங்கோ. மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

நீர் ரண்டு நாள் முந்தி வாரும். தமிழ் எழுதத் தெரிஞ்சது நீர்தானே. எங்கட ரீச்சர்மாரோட வீடு வீடாப் போய்ப் பிள்ளையளின்ர பெயர், வீட்டில ஆர் இருக்கினம், ஆருக்கு என்ன சாப்பிட ஏலாது, இதெல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதும். பதினாலு பேரும் முதல் நாளுக்கு முன்னம் அந்தப் பெயரையெல்லாம் பாடமாக்கட்டும்.

ஆகஸ்ட் 24

முகாம் முடிஞ்சு இண்டைக்கு முதல் ஞாயிறு. நடந்ததைத் தங்கச்சி தானே எழுதுவா எண்டு விட்டிருக்கிறன், ரண்டு விசயம் மட்டும். எங்கட சின்ன ரீச்சர் முதல் நாள் நடுங்கிக்கொண்டு நிண்டவள், நாலாம் நாள் கனடாப் பிள்ளையளுக்கு வேலை சொல்லிக்கொண்டு நிண்டாள். கேற்றடியில காத்து நிண்ட பெட்டைக்கு இப்ப பதினைந்து வயசு, இந்தமுறை ஆறு வயசுக் கூட்டத்துக்கு உதவிக்கு நிண்டவள் அவள்தான்.

முகாமுக்கு வந்த 52 பேரில இண்டைக்கு 33 பேர் ஓய்வுநாட் பாடசாலைக்கு வந்தினம். பதினொரு பேர் சைவ வீடு, வரமாட்டினம், அது சரி. மற்ற எட்டுப் பேரின்ர வீட்டுக்கு நாளைக்குப் பின்னேரம் சைக்கிளில போறம். தங்கச்சி, வீடு வீடாப் போய் எழுதின அந்தக் கொப்பி இங்க இல்லை, உம்மட பையோட போட்டுதெண்டு நினைக்கிறன். கடைசி மூண்டு பக்கத்தையும் படம் எடுத்து இரவைக்கே அனுப்பும். இணுவில் ஒழுங்கை வீட்டு இலக்கம் அதிலதான் இருக்கு.